சிறுநீர் டியூபில் கிருமிப் படலம்: ஆன்டிபயாடிக் ஏன் எடுபடுவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாரில் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று மீனாட்சிபுரம் வரை, கேரள–தமிழ்நாடு எல்லையோரப் பஞ்சாயத்துகளில் படுக்கையில் இருக்கும் பலருக்குச் சிறுநீர் டியூப் (கத்தீட்டர்; நழுவாமல் இருக்க உள்நுனியில் தண்ணீர் ஏற்றும் பலூன் உள்ள குழாய்) மாதக்கணக்கில் தொடர்கிறது. ஆபரேஷன் கோவையிலோ பொள்ளாச்சியிலோ நடந்திருக்கும். வீட்டுக்கு வந்து டியூப் மாற்றுவது பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர். கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாலக்காட்டு லேபில், மாத்திரை எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம். இத்தனை கை மாறும்போது யாரும் உட்கார்ந்து விளக்காமல் விட்டுப்போகும் விஷயங்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும், ஆஷா பணியாளர்களுக்கும், புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கும் பயன்படும்.

அப்பாவின் யூரின் கல்ச்சரில் கிருமி 1 லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கிறது. காய்ச்சல் எதுவும் இல்லை. உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். டியூப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் கடந்தால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அப்போது எந்த நாளில் கல்ச்சர் எடுத்தாலும் 1 லட்சம் காலனி (ஒரு மில்லி சிறுநீரிலிருந்து வளரும் கிருமிக் கூட்டங்களின் எண்ணிக்கை) வரத்தான் செய்யும். டியூப் இருப்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, நோய் இருப்பதை அல்ல.

சீழ் செல்கள் நிறைய இருக்கின்றன என்று ரிப்போர்ட் சொன்னாலும் இதே பதில்தான். டியூபும் பலூனும் சிறுநீர்ப் பையின் உட்சுவரில் உரசுவதாலேயே வெள்ளை அணுக்கள் வரும். கலங்கலாகப் போவது, வாடை அடிப்பது இரண்டையும் மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் இரண்டும் வரும்.

விதிவிலக்கு இரண்டு. கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய ஆபரேஷனுக்கு முன்னாலும் வேண்டும், உதாரணமாக ப்ராஸ்டேட்டை உள்ளிருந்து சீவி எடுக்கும் ஆபரேஷன். மற்றவர்களுக்கு, அறிகுறி இல்லாதபோது கல்ச்சர் எடுக்காமல் இருப்பதே நல்லது. ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டால் மருந்து கொடுக்காமல் இருப்பது வீட்டாருக்கும் கஷ்டம், டாக்டருக்கும் கஷ்டம்.

டியூபில் படலம் என்கிறார்களே, அது எப்படி உண்டாகிறது?

டியூப் உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீரில் உள்ள புரதங்களும் உப்புகளும் அதன் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டுகின்றன. பலூன் உரசும் இடத்தில் சிறுநீர்ப் பையின் சுவர் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கசிய விடுகிறது, அதுவும் டியூபில் படிகிறது. வழவழப்பான ரப்பரில் ஒட்ட முடியாத கிருமிக்கு இந்தப் பூச்சு பிடிமானம் தருகிறது. ஈ.கோலைக்கு உடல் முழுக்க ரோமம் போன்ற இழைகள் உண்டு, அவற்றின் நுனியால் பற்றிக்கொள்ளும். என்டரோகாக்கஸ் ஃபைப்ரினோஜனையே தேடிப் பிடிக்கும்.

ஒட்டிய கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிப் பசை சுரக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த கிருமிகளின் டிஎன்ஏ எல்லாம் கலந்த பசை அது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் படலம் அமைந்துவிடும். பயோஃபிலிம் என்பது இதுதான். குளத்துப் படியில் பிடிக்கும் பாசி மாதிரி, மேலே தண்ணீர் ஓடினாலும் அடியில் பிடிப்பு விடாது.

கிருமி வரும் வழி இரண்டு. டியூபின் வெளிப்புறம் வழியாக, மலத்துவாரத்துப் பக்கத்துக் கிருமிகள் மேலேறும். உட்புறம் வழியாக, சிறுநீர் சேரும் வெளிப் பையிலிருந்து அல்லது டியூபும் பையும் சேரும் இணைப்பிலிருந்து ஏறும். இரண்டாவது வழியை நம்மால் பெருமளவு அடைக்க முடியும். அந்த இணைப்பைக் காரணமில்லாமல் கழற்றக் கூடாது என்று சிஸ்டர்கள் அடித்துச் சொல்வது அதனால்தான்.

லேப் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ (கிருமி இதற்குக் கட்டுப்படும்) என்று போட்ட மருந்தைத்தான் கொடுத்தோம். காய்ச்சல் நின்றது, பத்து நாளில் மறுபடி வந்தது. மருந்து போலியா?

மருந்து நல்லதாகவே இருக்கலாம். லேப் எதைச் சோதிக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். சிறுநீரிலிருந்து கிருமியைப் பிரித்து, புதுத் தீனியில் வளரவிட்டு, அப்படித் தனித்தனியாக வேகமாகப் பெருகும் கிருமியின் மேல் மருந்தை வைத்துப் பார்க்கிறது. ‘எஸ்’ என்ற எழுத்து அந்த நிலையில் உள்ள கிருமிக்குத்தான் பொருந்தும். அதே கிருமி படலத்துக்குள் இருக்கும்போது அதைக் கொல்ல 10 மடங்கு முதல் 1,000 மடங்கு வரை கூடுதல் மருந்து தேவைப்படலாம். அந்த அளவை மனித உடம்பு தாங்காது.

காரணம் ஒன்றல்ல. படலத்தின் அடியில் உணவும் ஆக்ஸிஜனும் குறைவு, அதனால் அங்குள்ள கிருமி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஏறக்குறைய உறங்குகிறது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைத்தான் கெடுக்கின்றன. கட்டாமல் சும்மா இருக்கும் கிருமியிடம் அவற்றுக்கு வேலை இல்லை. ஜென்டாமைசின், அமிக்காசின் இரண்டுக்கும் கிருமிக்குள் நுழையவே ஆக்ஸிஜனைச் சார்ந்த ஆற்றல் வேண்டும், அடியில் அது கிடைக்காது. போதாக்குறைக்கு அவை நேர் மின்னூட்டம் கொண்டவை, எதிர் மின்னூட்டம் கொண்ட பசையில் சிக்கி வழியிலேயே தங்கிவிடும். மருந்தை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிகளும் பசையில் தேங்கி நிற்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் படலத்துக்குள் எளிதாக ஊடுருவும். ஆனாலும் எந்த மருந்துக்கும் மசியாமல் செயலற்றுக் கிடக்கும் சில கிருமிகளை அதனாலும் முழுமையாக அழிக்க முடிவதில்லை. மருந்து நின்றதும் அவை விழித்துப் பெருகும்.

இன்னொன்றும் உண்டு. டியூப் உயிரில்லாத பொருள், அதற்குள் ரத்தம் ஓடாது. உடம்பில் வேறு எங்கே தொற்று வந்தாலும் மருந்து பாதி வேலை செய்தால் மீதியை வெள்ளை அணுக்கள் முடிக்கும். டியூபின் உட்புறத்துக்கு அவை உதவிக்குப் போக வழியில்லை.

ஆக நடந்தது இது: சிறுநீரில் மிதந்த கிருமியும், சிறுநீர்ப் பையின் சுவருக்குள்ளும் ரத்தத்திலும் போன கிருமியும் மருந்தில் செத்தன, காய்ச்சல் நின்றது. படலம் அப்படியே இருந்தது, அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் மறுபடி விதைத்தன. டியூபை மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் இதே கதைதான் நடக்கும்.

அப்படியானால் ‘மருந்து எதிர்ப்பு’ என்று சொல்வது இதைத்தானா?

இரண்டும் வேறு, ஆனால் ஒன்று மற்றதற்கு வழி விடுகிறது. மேலே சொன்னது தாக்குப்பிடித்தல். படலத்தைக் கலைத்து அந்தக் கிருமியை வெளியே எடுத்தால் மருந்துக்குச் சாகும். எதிர்ப்பு என்பது மரபணுவிலேயே மாற்றம். வெளியே எடுத்தாலும் சாகாது, அதன் வாரிசுகளும் சாகா.

படலத்தில் மருந்து போதிய அளவில் எட்டாத இடங்கள் உண்டு. அரைகுறை மருந்தில் உயிர் தப்பும் கிருமிகளில், எதிர்ப்பு உள்ளவை மிஞ்சுகின்றன. வெவ்வேறு இனக் கிருமிகள் நெருக்கி வாழ்வதால் எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் வளையங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும். ரிப்போர்ட்டில் வரும் ஈஎஸ்பிஎல் (பெரும்பாலான செஃபலோஸ்போரின்களை உடைக்கும் நொதி) உற்பத்தி, கார்பபெனம் (மற்றவை எடுபடாதபோது தரும் ஆன்டிபயாடிக்) எதிர்ப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த வளையங்களில் பயணிப்பவை. என்டிஎம்-1 என்று 2009-ல் பெயர் சூட்டப்பட்ட நொதியின் மரபணுவும் அப்படித்தான் பரவுகிறது. ஒவ்வொரு தேவையற்ற கோர்ஸும் டியூபில் மட்டுமல்ல, குடலில் இருக்கும் கிருமிகளிடமும் இதே தேர்வை நடத்துகிறது. அடுத்த தடவை டியூபில் ஏறப் போவது அந்தக் குடல் கிருமிதான்.

எப்போதுதான் ஆன்டிபயாடிக் அவசியம்?

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவின் பின்பக்கம் வலி, அடிவயிற்றில் புது வலி, திடீரென ரத்தம் கலந்து போவது, வேறு காரணம் தெரியாமல் திடீரென நினைவு தடுமாறுவது — இவற்றில் ஒன்று இருந்தால் டியூபால் வந்த தொற்று என்று யோசிக்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வலி தெரியாது. கால் இறுக்கம் வழக்கத்தைவிடக் கூடுவதே அவர்களுக்கு முதல் அடையாளமாக இருக்கும்.

வயதானவர் சற்றுக் குழம்பிப் பேசினால் உடனே யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. காய்ச்சலும் மற்ற அடையாளமும் இல்லாதபோது முதலில் தண்ணீர் குறைந்ததா, மலம் கட்டியிருக்கிறதா, புது மாத்திரை சேர்த்தார்களா, சோடியம் குறைந்ததா, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். சிறுநீரில் கிருமி இருப்பதைக் காட்டி அந்தக் காரணங்களைத் தேடாமல் விடுவதால் நிஜமான கேடு நடக்கிறது.

தொற்றுதான் என்றால் வரிசை முக்கியம். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். சாம்பிள் புது டியூபிலிருந்து. அதன் பிறகு முதல் டோஸ். டியூப் இனி தேவையில்லை என்றால் எடுத்துவிடுவதே மேல். நடுக்கமும் மயக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் இருந்தால் மட்டும் வரிசைக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108 எல்லையின் இரு பக்கமும் வரும். நன்றாகத் தேறினால் 7 நாள் மருந்து போதும். தேறுவது மெதுவாக இருந்தால் 10 முதல் 14 நாள். மருந்து முடிந்ததும் ‘சுத்தமாகிவிட்டதா’ என்று மறு கல்ச்சர் எடுக்க வேண்டாம். அறிகுறி போனதே அளவு.

சாம்பிளைப் பையின் அடிக்குழாயில் பிடித்துக் கொடுத்தால் என்ன?

அது பையில் மணிக்கணக்கில் நின்று ஊறிய சிறுநீர், கிருமி பெருகியிருக்கும். பழைய டியூபிலிருந்து எடுத்தாலும் கோளாறுதான். டியூபின் படலத்தில் குடியிருக்கும் நாலைந்து கிருமிகள் வளரும், நோயைத் தந்தது எது என்று தெரியாது. டாக்டர் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கும் பெரிய மருந்தை எழுத வேண்டிவரும்.

புது டியூப் போடும்போது பை இணைப்பதற்கு முன்பே வரும் சிறுநீரை நேராக ஸ்டெரைல் பாட்டிலில் பிடிப்பது எளிது. டியூப் புதியது, பையும் மாட்டியாகிவிட்டது என்றால், பைக் குழாயில் சாம்பிள் எடுக்கவென்றே உள்ள சிறு ரப்பர் வாயிலுக்குக் கீழே 15 நிமிடம் கிளாம்ப் போடுங்கள். ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் நன்கு தேய்த்து உலரவிட்டு, ஸ்டெரைல் சிரிஞ்சால் 5 முதல் 10 மில்லி எடுக்கலாம். கிளாம்பைத் திறக்க மறக்கக் கூடாது. எரிச்சலோடு நோயாளி நெளிகிறார் என்று பார்த்தால் கிளாம்ப் மூடியபடியே இருக்கும், இது அடிக்கடி நடப்பது.

சாம்பிள் 2 மணி நேரத்துக்குள் லேப் சேர வேண்டும். எருத்தேம்பதியிலிருந்தோ வடகரப்பதியிலிருந்தோ பாலக்காட்டுக்கு பஸ்ஸில் போய்ச் சேர்ந்து கவுன்டரில் காத்திருந்தால் அந்த நேரம் ஓடிவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. தெர்மோஸிலோ ஐஸ் பெட்டியிலோ கொண்டு போங்கள். சீட்டில் ‘கத்தீட்டர் சாம்பிள், புது டியூப்’ என்று எழுதச் சொல்லுங்கள். அறிகுறி உள்ளவருக்கு டியூப் சாம்பிளில் 1,000 காலனி வந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும், லேபுக்கு அது தெரிந்தால்தான் சரியாகப் படிப்பார்கள்.

கழற்றிய டியூபின் நுனியை வெட்டிக் கல்ச்சருக்கு அனுப்புவது வீண் செலவு.

ரிப்போர்ட்டில் ஏழெட்டு மருந்துக்கு ‘எஸ்’ இருக்கிறது. எது நல்லது?

டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இந்தச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் தவறான சீட்டைக் கேள்வி கேட்கலாம். நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில் மட்டும்தான் சேரும், திசுக்களில் சேராது. காய்ச்சலும் விலா வலியும் உள்ளவருக்கு அது போதாது, கிட்னி வேலை நன்றாகக் குறைந்தவருக்கும் ஆகாது. புரோட்டியஸ், புரொவிடென்சியா, சூடோமோனாஸ் மூன்றும் இயற்கையிலேயே அதற்கு அடங்காதவை. என்டரோகாக்கஸ் எந்தச் சாதாரண செஃபலோஸ்போரினுக்கும் அடங்காது. செஃபிக்சிம் கொடுத்துக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் இந்தக் கிருமியா என்று பாருங்கள். கேண்டிடா என்று வந்தால் அது பூஞ்சை. ஆன்டிபயாடிக்குகள் பல போன பிறகுதான் பெரும்பாலும் தலைகாட்டும். டியூபை எடுத்தால் அல்லது மாற்றினால் பலருக்குத் தானே போய்விடும்.

டியூபை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

பழுப்பு நிற லேடெக்ஸ் டியூப், சிலிகான் பூச்சு இருந்தாலும் சரி, 2 முதல் 4 வாரம். கண்ணாடி போலத் தெரியும் முழு சிலிகான் டியூப் 12 வாரம் வரை போகும். பாக்கெட்டில் தயாரிப்பாளர் எழுதிய கெடுவே மேல் எல்லை, அதைத் தாண்டக் கூடாது. கெடுவுக்கு முன்னால், தொற்று வராமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் வாராவாரம் மாற்றுவதால் பலன் இல்லை. ஒவ்வொரு முறை நுழைக்கும்போதும் உட்தோல் சிராய்கிறது, வெளிக் கிருமி உள்ளே போகிறது.

முழு சிலிகானின் சுவர் மெல்லியது, அதனால் அதே அளவில் உள் துவாரம் பெரிது. அடைப்பு வரும் ஆளுக்கு அதுவே நல்லது, ரப்பர் அலர்ஜி உள்ளவருக்கும் அதுதான். ஒரு குறை: பலூன் தண்ணீர் மெல்லக் கசிந்து குறையும், டியூப் தானே நழுவலாம்.

அளவு விஷயத்தில் பெரியது நல்லது என்ற எண்ணம் தவறு. பெண்களுக்கு 12 அல்லது 14, ஆண்களுக்கு 14 அல்லது 16 போதும். வால்வின் நிறத்திலேயே தெரியும்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. மூன்று எண் கூடினால் விட்டம் 1 மில்லிமீட்டர் கூடுகிறது. டியூபைச் சுற்றிக் கசிகிறது என்று பெரிய அளவு போட்டால் கசிவு இன்னும் கூடும். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் சிறுநீர்ப் பையின் இறுக்கம், மலச்சிக்கல் அல்லது பாதி அடைப்பு.

மாசத்துக்கு மூன்று தடவை அடைக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்குமா?

நிற்காது. அடிக்கடி அடைக்கும் டியூபில் அநேகமாக புரோட்டியஸ் மிராபிலிஸ் இருக்கும். அது யூரியேஸ் என்ற நொதியால் சிறுநீரின் யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. சிறுநீர் காரத்தன்மைக்கு மாற, கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகமாகப் படலத்தில் இறுகுகின்றன. கிருமி இப்போது பசைக்குள்ளும் கல்லுக்குள்ளும் இருக்கிறது, மருந்து எட்டாது.

கழற்றிய டியூபைக் குப்பையில் போடுவதற்கு முன் கையுறையோடு நுனியை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். நல்ல டியூப் வழுக்கிக்கொண்டு மடங்கும். புரோட்டியஸ் பிடித்ததில் நறநறவென்று மணல் தெரியும், கண் துளையின் (நுனியில் சிறுநீர் நுழையும் ஓட்டை) ஓரத்தில் வெள்ளைச் சுண்ணம் வளையம் கட்டியிருக்கும், பலூன் பகுதி சுருங்காமல் மடிப்பு நின்றிருக்கும். இதைப் பார்த்தால் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று டியூபின் வரலாறு சேர்ந்தால் அந்த ஆளுக்கு எத்தனை நாளில் அடைக்கிறது என்று தெரிந்துவிடும். 18 நாளில் அடைக்கும் ஆளுக்கு 14-ஆம் நாள் மாற்றுவதுதான் முறை. நடுராத்திரியில் சிறுநீர் அடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதோடு நிற்கும்.

கூடவே சிறுநீர்ப் பையில் கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் அவசியம். கல் இருக்கும்வரை புது டியூபும் சில நாளில் பழைய கதைக்கே வரும், கல்லை எடுத்தாக வேண்டும்.

குடிநீர் உதவும். இதய, கிட்னிக் கோளாறு இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர், இரவிலும் கொஞ்சம் போக வேண்டும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் படிகம் உண்டாவதைத் தள்ளிப் போடும் என்று கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சீரகத் தண்ணீர், கஞ்சித் தண்ணீரோடு உப்பில்லாத எலுமிச்சைத் தண்ணீரையும் நாளில் இரண்டு மூன்று தடவை பிரித்துக் கொடுக்கலாம். சித்தூர் தாலுகாவில் இளநீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் கூடியவர்களுக்கு (கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு) கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வெள்ளிப் பூச்சு, மருந்துப் பூச்சு டியூப் வாங்கினால் தீருமா?

பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் 7,102 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2012-ல் வந்தது. குறுகிய காலத்துக்கு டியூப் போட்டவர்களிடம் ஒப்பிட்டார்கள். சாதாரண டியூபில் அறிகுறியோடு தொற்று வந்து மருந்து தேவைப்பட்டவர்கள் 12.6 சதவீதம், வெள்ளிப் பூச்சில் 12.5 சதவீதம். நைட்ரோஃப்யூரல் மருந்து ஊட்டியதில் 10.6 சதவீதம், ஆனால் அதனால் எரிச்சல் கூடுதல். மாதக்கணக்கில் போடும் ஆளுக்கு இந்தச் சிறு வித்தியாசத்தை நம்பிப் பணம் கொட்டுவதைவிட முழு சிலிகான் வாங்குவது நல்லது.

பீட்டாடின் அல்லது ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரால் கழுவிவிட்டால்?

தினமும் கழுவுவது தொற்றைத் தடுப்பதில்லை. கழுவ இணைப்பைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் உள்வழி திறக்கிறது. வெளிப் பையில் மருந்து ஊற்றுவதும் வேண்டாம், டியூப் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை என்ற வழக்கமும் வேண்டாம். ரத்தக்கட்டி அடைத்தால் கழுவுவது வேறு விஷயம், அதை சிஸ்டரோ டாக்டரோ செய்வார்கள். வெளிப்புறச் சுத்தத்துக்கு தினமும் குளிக்கும் சோப்பும் தண்ணீரும் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

வீட்டில் டியூப் மாற்றும்போதும் பிறகும் எங்கே தவறு நடக்கிறது?

பலூனில். கழற்றும்போது வால்வில் சிரிஞ்சைப் பொருத்திவிட்டு, தண்ணீர் தானே இறங்க நேரம் கொடுங்கள். வேகமாக உறிஞ்சினால் பலூன் வழி ஒட்டிக்கொள்ளும், சிலிகானில் பலூன் மடிப்பு விழுந்து வெளியே வரும்போது கிழிக்கும். வால்வை வெட்டக் கூடாது. புதிதில் ஸ்டெரைல் தண்ணீர் ஏற்றுங்கள், அளவு வால்விலேயே எழுதியிருக்கும், வழக்கமாக 10 மில்லி. சலைன் ஏற்றினால் உப்பு படிந்து வழி அடைபடலாம், அடுத்த தடவை பலூன் இறங்காது. ஆண்களுக்கு மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி 10 மில்லி செலுத்தி 3 முதல் 5 நிமிடம் பொறுக்க வேண்டும். டியூபைக் கிளை பிரியும் இடம் வரை உள்ளே விட்டு, சிறுநீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனை ஏற்ற வேண்டும். பாதையிலேயே பலூன் ஊதினால் ரத்தம் கொட்டும்.

பிறகு டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் தளர்வாக ஒட்டுங்கள். பை கட்டில் கம்பியில், சிறுநீர்ப் பையின் மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், அடிக்குழாய் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஆட்டோவில் ஏற்றும்போது பையை நோயாளியின் மடியில் வைப்பது பல வீடுகளிலும் நடக்கிறது. தேங்கிய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பும். கிளம்புமுன் காலி செய்துவிட்டுக் காலோரம் தொங்கவிடுங்கள்.

பை ஊதா நிறமாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மலச்சிக்கலில் குடல் கிருமிகள் உண்டாக்கும் ஒரு பொருள் சிறுநீரில் இறங்கி, டியூபில் உள்ள கிருமிகளால் நீலமும் சிவப்புமான சாயமாகிப் பை பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்து டியூபையும் பையையும் மாற்றுங்கள். காய்ச்சல் இல்லையேல் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

இந்தப் பக்கம், கேரளத்தில், கடையில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். எல்லை தாண்டி வாங்கிக்கொள்ளலாமா?

சட்டம் இரு பக்கமும் ஒன்றுதான். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதை எழுதி 3 வருடம் வைக்க வேண்டும். கேரளம் 2018-ல் மருந்து எதிர்ப்புக்கென்று தனிச் செயல்திட்டம் கொண்டுவந்தது, 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் சோதனையைத் தொடங்கியது. கெடுபிடி இருப்பது உங்கள் அப்பாவுக்கு அடுத்த தடவை நிஜமாகவே காய்ச்சல் வரும்போது மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. போன தடவை மிஞ்சிய நாலு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

டியூபே இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பலருக்கு முடியும். படலத்துக்கு மிகச் சரியான மருந்து டியூபை எடுப்பதுதான். படுக்கை நனைகிறது என்பது மட்டும் காரணமென்றால், ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் உறையும் பையும் போதும். பெண்களுக்கு டயப்பரும் நேரத்துக்குப் பெட்பேனும். சிறுநீர் முழுதாக வெளியேறாதவருக்கு நாளில் 4 முதல் 6 தடவை சின்ன டியூபை விட்டு எடுத்துவிடும் முறை உண்டு. ஒரு தடவைக்கு 400 மில்லிக்கு மேல் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நடுங்காத, கண் தெரியும் ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். ப்ராஸ்டேட் வீக்கத்தால் அடைத்தவருக்கு மாத்திரை தொடங்கிச் சில நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தேதி தவறிப்போய் மாதங்கள் ஓடியவர்கள் உண்டு.

கோவை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்யும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சீட்டில் டியூப் பற்றி ஒரு வரி இருக்கும்: ‘கத்தீட்டர் உள்ளது’. அது போதாது. எதற்காகப் போட்டார்கள், எந்தத் தேதியில் போட்டார்கள், லேடெக்ஸா சிலிகானா, எண் என்ன, பலூனில் எத்தனை மில்லி, எந்தத் தேதியில் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போனது — இவ்வளவையும் எழுதி வாங்குங்கள். முடிந்தால் டியூப் பாக்கெட்டின் ஸ்டிக்கரையே கிழித்து நோட்டில் ஒட்டி வையுங்கள். அந்த நோட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால், பாலியேட்டிவ் சிஸ்டர் வீட்டுக்கு வரும் முதல் நாளே எந்த டியூப் எடுத்துவர வேண்டும், எப்போது மாற்ற வேண்டும், எப்போது எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டுவிடுவார்.